பக்தியான வீட்டில் ஓயாத சண்டை: எப்படித் தாக்குப்பிடிப்பது?

நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்ட மாதிரி முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு 22 வயது, படிப்பு முடிய இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது, அதுவரை வீட்டை விட்டுப் போக வழியில்லை. வீட்டில் எல்லாரும் நல்ல பக்தி உள்ளவர்கள், ஆனால் சண்டை இல்லாத நாளே கிடையாது. காலைப் பிரார்த்தனைக்கு நீங்கள் எழுந்து வரவில்லை என்று தொடங்கும், அங்கிருந்து உடை, ஃபோன், யாரோடு பழகுகிறீர்கள் என்று போகும், கடைசியில் அப்பாவும் அம்மாவும் ஒருவர் பக்தியை ஒருவர் பழித்துக்கொள்வதில் வந்து நிற்கும். பதினோரு வயதில் ஒரு தம்பி இருக்கிறான். "எப்படிச் சமாளிப்பது?" என்று ஒரே வரியில் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு மேலே எழுதியிருப்பதைப் படித்தால் இன்னும் இரண்டு கேள்விகள் தெரிகின்றன. கடவுளை இவ்வளவு கும்பிடுகிறவர்களால் எப்படி இப்படி நடந்துகொள்ள முடிகிறது என்பது ஒன்று. இதெல்லாம் என்னால்தானா என்பது இன்னொன்று. இந்த இரண்டையும் தொடாமல் நான் என்ன யோசனை சொன்னாலும் உங்களுக்கு ஒட்டாது.

நான் குடும்ப ஆலோசகர், 19 வருடமாக இதே வேலை. என்னிடம் வந்த குடும்பங்களில் பக்தியான குடும்பங்கள் நிறைய, மதம் வேறு வேறு. நானும் அப்படி ஒரு வீட்டில் வளர்ந்தவன்தான், இன்றைக்கும் நம்பிக்கை உள்ளவன். அதனால் நான் முழுக்க நடுநிலை என்று சொல்லிக்கொள்ள முடியாது. அதே மாதிரி, உங்கள் அப்பாவையோ அம்மாவையோ நான் பார்த்ததில்லை. ஒருவர் எழுதிய இருபது வரியை வைத்து இன்னொருவர் எப்படிப்பட்டவர் என்று தீர்ப்பு எழுதுவது என் தொழிலில் செய்யக்கூடாத காரியம், அதைச் செய்யப்போவதில்லை.

வேறு எதற்கும் முன்னால் ஒன்று கேட்க வேண்டும். சண்டை என்று எழுதியிருக்கிறீர்கள், அடி என்று எழுதவில்லை. உண்மையிலேயே அடி இல்லைதானே? அறையில் பூட்டி வைப்பது, அடையாள அட்டையையோ பாஸ்போர்ட்டையோ பிடுங்கி வைத்துக்கொள்வது, படிப்பை நிறுத்திவிடுவேன் என்று மிரட்டிக் கல்யாணத்துக்குச் சம்மதிக்க வைப்பது, இதில் ஏதாவது நடக்கிறதென்றால் நான் கீழே எழுதப்போகிற எதுவும் உங்களுக்கு உதவாது. அது சமாளிக்க வேண்டிய சண்டை இல்லை, வன்முறை. அப்போது பொறுமையாகப் பேசிப் பாருங்கள், எல்லாரும் சேர்ந்து கவுன்சலிங் போங்கள் என்றெல்லாம் சொல்வதே ஆபத்து. பயப்படுகிறவரும் பயமுறுத்துகிறவரும் ஒரே அறையில் உட்கார்ந்து மனம் திறந்து பேச முடியாது, பேசினால் வீட்டுக்குப் போன பிறகு அதற்கு விலை கொடுக்க வேண்டிவரும். உங்கள் நாட்டில் குடும்ப வன்முறைக்கென்று இருக்கிற உதவி எண்ணை முதலில் கூப்பிடுங்கள். இப்படி எதுவும் இல்லை, கத்தலும் குத்தலும்தான் என்றால் மேலே படியுங்கள்.

கும்பிடுகிறவர்கள் ஏன் இப்படி என்ற கேள்விக்கு வருகிறேன். பல வருடத்துக்கு முன்னால் ஒரு குடும்பம் வந்தது, ஆள் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். 17 வயதுப் பையன், பிரார்த்தனைக்கு வருவதை நிறுத்திவிட்டான், எட்டு மாதமாக வீட்டில் போர். அப்பா முழு நேரமும் நாற்காலியின் நுனியிலேயே உட்கார்ந்திருந்தார், இரண்டு கையாலும் அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, விரல் மூட்டெல்லாம் வெளுத்துப்போய். ஒரு மணி நேரம் ஒழுக்கம், கட்டளை, பாவம் என்று பேசினார். பையன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவரிடம், "இவன் வரவே மாட்டான் என்று வைத்துக்கொள்வோம், அதில் உங்களுக்கு எது ரொம்பப் பயம்?" என்று கேட்டேன். ரொம்ப நேரம் பதில் இல்லை. அப்புறம் நாற்காலியை விட்டுக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "நான் போன பிறகு எனக்காக யார் பிரார்த்தனை பண்ணுவார்கள்?" என்றார். பையன் அப்போதுதான் முதல் தடவையாக அவர் பக்கம் திரும்பினான்.

எல்லா அப்பாவும் இப்படி உடைந்து பேசுவார் என்று இதைச் சொல்லவில்லை. பெரும்பாலானவர்கள் பேச மாட்டார்கள். எதற்குச் சொல்கிறேன் என்றால், பக்தியான வீட்டுச் சண்டைகளில் பெரும்பகுதி பக்தியைப் பற்றியதே இல்லை. பிள்ளை கையை விட்டுப் போகிறது என்ற பயம், நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்ற கவலை, கணவன் மனைவிக்குள் பல வருடமாக ஆறாமல் கிடக்கும் காயம், யார் சொல்வது நடக்க வேண்டும் என்ற போட்டி, இவைதான் அடியில் இருக்கும். இவை பக்தி இல்லாத வீட்டிலும் உண்டு. வித்தியாசம் என்னவென்றால், பக்தியான வீட்டில் இவற்றுக்கு மதத்தின் சொற்கள் கிடைத்துவிடுகின்றன. "நீ ஏன் என்னோடு பேசுவதே இல்லை" என்று சொல்லத் தெரியாதவர் "உனக்குக் கடவுள் பயம் போய்விட்டது" என்று சொல்லிவிடுவார். அப்படிச் சொன்ன பிறகு சண்டை முடியாது. பேசாமல் இருந்தது பற்றிய சண்டையை ஒரு மன்னிப்பில் முடிக்கலாம், கடவுள் பயம் பற்றிய சண்டையை எதைச் சொல்லி முடிப்பது?

மரே போவன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1950களிலிருந்து குடும்பங்களைக் கவனித்து ஒரு விஷயத்தைச் சொன்னார். இரண்டு பேருக்குள் இறுக்கம் தாங்க முடியாமல் போகும்போது மூன்றாவது ஆளை உள்ளே இழுப்பார்கள், ஒரு முக்கோணம் உருவாகும். அந்த மூன்றாவது ஆள் பெரும்பாலும் பிள்ளை. பக்தியான குடும்பங்களை ஆராய்ந்த அனெட் மஹோனியும் அவரோடு வேலை செய்தவர்களும் இதிலிருந்து இன்னொரு படி போனார்கள். கல்லூரி மாணவர்களையும் அவர்களுடைய தாய்மார்களையும் வைத்துச் செய்த ஆய்வில், சண்டையின்போது கடவுளை நடுவராக வைத்து இரண்டு பேரும் தணிந்து வருவதையும், கடவுளைத் தன் கட்சியில் சேர்த்துக்கொண்டு எதிராளியை மடக்குவதையும் வேறு வேறாகப் பிரித்தார்கள். எனக்கு இந்தப் பிரிவு ரொம்பப் பயன்பட்டது. ஒரே புனித நூல், ஒரே வசனம். ஒரு வீட்டில் அதைச் சொன்னால் இரண்டு பேரும் அமைதியாவார்கள், இன்னொரு வீட்டில் அதையே எடுத்து மூஞ்சியில் எறிவார்கள். உங்கள் வீட்டில் நடப்பது இரண்டாவது. இதைப் பார்க்கத் தெரிந்துகொண்டால் "இவர்கள் பக்தியெல்லாம் வேஷம்" என்ற கசப்பும் கொஞ்சம் குறையும். வேஷமாக இருக்க வேண்டியதில்லை, பக்தி நிஜமாகவே இருக்கலாம். சண்டை போடத் தெரியாததும் நிஜம். இரண்டும் ஒரே ஆளுக்குள் இருக்கலாம்.

இதெல்லாம் என்னால்தானா என்ற கேள்விக்கு என் பதில் இல்லை என்பதுதான், இதை உறுதியாகவே சொல்வேன். நீங்களே எழுதியிருக்கிறீர்கள், உங்களுக்கு ஆறு வயதிலேயே அப்பா அம்மா சண்டை ஞாபகம் இருக்கிறது என்று. ஆறு வயதுக் குழந்தை பிரார்த்தனைக்கு வராததாலா அந்தச் சண்டை வந்தது? பெற்றோர் சண்டையைப் பிள்ளைகள் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்று 1990இலிருந்தே கிரைக், ஃபின்ச்சம் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எழுதிவருகிறார்கள். இரண்டு எண்ணங்கள்தான் பிள்ளைகளை ரொம்பப் பாதிக்கின்றன: இதனால் எனக்கு ஏதோ ஆகப்போகிறது என்ற பயம், இதற்குக் காரணம் நான்தான் என்ற குற்ற உணர்வு. பக்தியான வீட்டில் இரண்டாவது இன்னும் ஆழமாக இறங்கும், ஏனென்றால் அங்கே குற்றத்துக்குப் பாவம் என்று இன்னொரு பெயரும் இருக்கிறது. "என்னால்தான் வீட்டில் நிம்மதி இல்லை" என்பது "கடவுளுக்கே என்னைப் பிடிக்கவில்லை" என்று ஆகிவிடும். உங்களுக்கு அந்த அளவுக்குப் போயிருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. போயிருந்தால் தயவுசெய்து அதை ஒரு ஆலோசகரிடம் சொல்லுங்கள். கென்னத் பார்கமெண்ட் என்ற உளவியலாளர் வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தது இதைத்தான். நம்பிக்கை கஷ்டத்தில் இருப்பவரைத் தாங்கவும் செய்யும், கடவுள் என்னைத் தண்டிக்கிறார், கைவிட்டுவிட்டார் என்று திரும்பிவிட்டால் உடம்பையும் மனதையும் கெடுக்கவும் செய்யும். 2001இல் அவரும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், உடல்நலம் இல்லாத வயதானவர்கள் 596 பேரை இரண்டு வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். இப்படி நம்பிக்கையோடு மல்லுக்கட்டியவர்கள் மற்றவர்களைவிட அதிகம் பேர் இறந்திருந்தார்கள். அவர்கள் நோயாளிகள், வயதானவர்கள், அந்த முடிவை அப்படியே 22 வயது ஆளுக்குப் பொருத்த முடியாது. ஆனாலும் இது சும்மா மனக்குழப்பம் என்று ஒதுக்க வேண்டிய விஷயம் இல்லை என்று எனக்குக் காட்டியது அதுதான்.

சரி, சமாளிப்பது. உடம்பிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் என் அனுபவத்தில் எல்லாரும் பேச்சிலிருந்து தொடங்கித்தான் தோற்கிறார்கள். கதவுத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டாலே வயிறு கலங்குகிறது என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அது நன்றாகத் தெரியும், சின்ன வயதில் அப்பா செருப்பைக் கழற்றும் சத்தத்தை வைத்தே அன்றைக்கு ராத்திரி எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுவேன். இது பலவீனம் இல்லை, உடம்பு வருடக்கணக்காகக் கற்ற பாடம். 2013இல் வந்த ஒரு சின்ன ஆய்வில், ஆறு மாதத்திலிருந்து ஒரு வயது வரையுள்ள குழந்தைகள் தூங்கிக்கொண்டிருக்கும்போதே கோபமான குரலைக் கேட்கவிட்டு மூளையை ஸ்கேன் செய்தார்கள். பெற்றோர் சண்டை அதிகம் உள்ள வீட்டுக் குழந்தைகளின் மூளை அந்தக் குரலுக்கு அதிகமாக எதிர்வினை காட்டியது. தூக்கத்தில்கூட. அப்படியிருக்க, "காதில் வாங்காதே, கண்டுகொள்ளாதே" என்று யாராவது உங்களுக்கு அறிவுரை சொன்னால் அது நடக்கிற காரியம் இல்லை.

நடக்கக்கூடியது, சரியான நேரத்தில் அந்த இடத்தை விட்டு விலகுவது. தம்பதிகளின் சண்டையைப் பல வருடம் ஆய்வுக்கூடத்தில் பதிவு செய்த ஜான் காட்மன், இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டிவிட்டால் எதிரே இருப்பவர் சொல்வது சரியாக ஏறாது, திருப்பித் தாக்கவோ வாயை மூடிச் சுவராகவோதான் தோன்றும் என்கிறார். அடங்குவதற்குக் குறைந்தது 20 நிமிடமாவது வேண்டும், அந்த 20 நிமிடமும் "அவர் அப்படிச் சொன்னாரே" என்று மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தால் அடங்காது. இது கணவன் மனைவியிடம் கண்டது, பெற்றோர் பிள்ளைக்கு அந்த எண்கள் அப்படியே பொருந்தும் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் உடம்பு ஒரே மாதிரிதான் வேலை செய்கிறது. அதனால் தாடை இறுகுவது, காது சுடுவது என்று உங்களுக்கென்று ஒரு அறிகுறி இருக்கும், அதைக் கண்டுபிடியுங்கள். அது வந்ததும் எழுந்துவிடுங்கள். எழும்போது ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுப் போங்கள், அதை இப்போதே தயார் செய்து வையுங்கள். "அப்பா, நான் இப்போது பேசினால் மரியாதை இல்லாமல் பேசிவிடுவேன். முகம் கழுவிவிட்டு அரை மணி நேரத்தில் வருகிறேன்." மரியாதை என்ற சொல் இருப்பதால் இதைக் குற்றமாக எடுத்துக்கொள்வது அவருக்கும் கஷ்டம். சொன்ன நேரத்தில் கட்டாயம் திரும்பிப் போக வேண்டும், போய் எதுவும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்தால்கூடப் போதும். சொல்லாமல் கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போவதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். முதல் ஐந்தாறு தடவை இது வேலை செய்யாது, "பேசிக்கொண்டிருக்கும்போது எங்கே போகிறாய்" என்று பின்னாலேயே வருவார்கள். அப்படி வந்தால் வீட்டுக்கு வெளியே நடந்துவிட்டு வாருங்கள், தனியாகப் போவது பாதுகாப்பு என்றால்.

அடுத்தது அப்பா அம்மா சண்டை. இதில் நீங்கள் தீர்த்துவைக்கிற வேலையை ராஜினாமா செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அம்மா உங்கள் அறைக்கு வந்து அப்பாவைப் பற்றிச் சொல்லி அழுவதும், அப்புறம் நீங்கள் அப்பாவிடம் போய்ப் பேசுவதும், அவர் "உன்னைத் தூண்டிவிட்டதே அவள்தான்" என்பதும், உங்கள் கேள்வியிலேயே மூன்று இடத்தில் இருக்கிறது. போவன் சொன்ன முக்கோணம் இதுதான். அம்மாவை விட்டுவிடுங்கள் என்று சொல்லவில்லை. "அம்மா, உனக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும், உன் கூட உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அப்பாவிடம் நீயேதான் சொல்ல வேண்டும், நான் போய்ச் சொன்னால் இன்னும் பெரிதாகிறது." அவ்வளவுதான். அம்மா வருத்தப்படுவார், நீயும் அவர் பக்கம் போய்விட்டாயா என்பார். அந்த வருத்தத்தைத் தாங்குவதுதான் இதில் கஷ்டமான பகுதி, உங்களுக்கே ஏதோ துரோகம் செய்கிற மாதிரி இருக்கும். இரண்டு மூன்று வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் விலகியதும் முதலில் அவர்கள் சண்டை கூடலாம், அதைப் பார்த்துப் பயந்து திரும்பவும் நடுவில் போய் நிற்காதீர்கள்.

இதோடு சேர்ந்த இன்னொன்று. ஜெரால்டு பேட்டர்சன் என்பவர் பெற்றோர் பிள்ளைச் சண்டைகளை வீடுகளுக்குள்ளேயே போய்க் கவனித்தவர். ஒருவர் வற்புறுத்துவார், மற்றவர் கத்துவார், வற்புறுத்தியவர் கைவிடுவார். கத்தினால் காரியம் நடக்கும் என்று ஒருவர் கற்றுக்கொள்கிறார், விட்டுக்கொடுத்தால் சத்தம் நிற்கும் என்று மற்றவர் கற்றுக்கொள்கிறார். அடுத்த தடவை இன்னும் சத்தமாகத்தான் தொடங்கும். இது இரண்டு பக்கமும் வேலை செய்யும், நீங்கள் கத்தி ஜெயித்த சண்டைகளும் இதில் சேர்த்திதான். ஆகவே எதை விட்டுக்கொடுப்பது, எதை விட்டுக்கொடுப்பதில்லை என்று அமைதியாக இருக்கும் ஒரு நாளில் யோசித்து முடிவு செய்யுங்கள், சண்டை நடுவில் முடிவு செய்யாதீர்கள். விட்டுக்கொடுக்கிறதை அவர் குரல் உயரும் முன்னாலேயே கொடுத்துவிடுங்கள். கொடுக்க மாட்டாததைச் சத்தமில்லாமல், ஒவ்வொரு தடவையும் அதே சொற்களில் மறுத்துவிடுங்கள்.

அந்தக் கணக்கில் பிரார்த்தனை எந்தப் பக்கம் வரும் என்பது உங்கள் உண்மையான தலைவலி என்று நினைக்கிறேன். நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இதில் எனக்கு ஒரு கருத்து உண்டு, என்னுடைய தொழிலில் இருக்கிற பலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஒன்றரை வருடம் அந்தக் கூரையின் கீழ் இருக்க வேண்டிய நிலையில், பத்து நிமிடம் அமைதியாகப் போய் உட்கார்ந்துவிட்டு வருவதில் பொய் ஒன்றும் இல்லை. உட்கார்வது குடும்பத்துக்காக, உள்ளே என்ன நடக்கிறது என்பது உங்களுக்கும் கடவுளுக்கும் இடையில் உள்ளது, கடவுள் இல்லை என்று தோன்றினால் உங்களுக்கு மட்டும் உள்ளது. ஆனால் உட்கார்வதே மனதை அறுக்கிறது, அப்புறம் நாள் முழுக்கத் தன்மீதே வெறுப்பாக இருக்கிறது என்றால் நான் சொன்னதை விட்டுவிடுங்கள், அது பத்து நிமிட விஷயம் இல்லை. 1948ஆம் ஆண்டின் மனித உரிமைப் பிரகடனம் தன் 18வது பிரிவில் மதத்தையோ நம்பிக்கையையோ மாற்றிக்கொள்ளும் சுதந்திரமும் எல்லாருக்கும் உண்டு என்கிறது. அந்த உரிமை உங்களுக்கு உண்டு. அதை எந்த நாளில், யார் முன்னால் எடுத்து வைப்பது என்பது வேறு கேள்வி. படிப்புச் செலவுக்கு அவர்களை நம்பியிருக்கும்போது, சண்டையின் உச்சத்தில், "எனக்கு நம்பிக்கையே இல்லை" என்று போட்டு உடைப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன், ஒருமுறைகூட நல்லபடியாக முடிந்து பார்த்ததில்லை.

அதே மாதிரி, வசனத்துக்கு வசனம் எதிர் வாதம் செய்யாதீர்கள். உங்களுக்கு நூல் நன்றாகத் தெரியும் என்று தெரிகிறது, "அன்பாயிரு என்றுதானே அதில் எழுதியிருக்கிறது" என்று கேட்டு மடக்கத் தோன்றும். கேட்ட அந்த நிமிடம் நீங்களும் கடவுளை உங்கள் கட்சியில் இழுத்துவிட்டீர்கள். வற்புறுத்தினால் மனிதர்கள் அதற்கு எதிராகத்தான் போவார்கள் என்பதை ஜேக் பிரெம் என்ற உளவியலாளர் 1966லேயே விளக்கமாக எழுதினார், அது அப்பா உங்களை வற்புறுத்தினாலும் உண்மை, நீங்கள் அப்பாவை மடக்கினாலும் உண்மை. இங்கே உங்கள் பெற்றோர் யாராவது படித்தால் அவர்களுக்கும் ஒரு செய்தி: வெர்ன் பெங்ட்சன் என்ற சமூகவியலாளர் 1970இல் தொடங்கிப் பல பத்தாண்டுகள், ஒரே குடும்பங்களின் தலைமுறைகளைத் தொடர்ந்து பார்த்தார். பிள்ளைகள் பெற்றோரின் மதத்தில் தொடர்ந்து இருப்பதோடு அதிகம் சேர்ந்து வந்தது பெற்றோரிடம், அதிலும் அப்பாவிடம், இருந்த நெருக்கமும் பாசமும்தான். கத்திக் கூப்பிட்டு யாரும் யாரையும் நம்பிக்கைக்குள் கொண்டுவந்ததாக என் அனுபவத்திலும் இல்லை.

அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாத சில விஷயங்கள் இருக்கின்றன, எல்லாரும் பரிந்துரைப்பதால் சொல்கிறேன். மனதில் இருப்பதை எழுதுவது நல்லது என்பார்கள். ஜேம்ஸ் பென்னபேக்கர் என்ற உளவியலாளர் 1986இல் தொடங்கிய ஆய்வுகளில் தினம் 15 நிமிடம் வீதம் நாலு நாள் எழுதியவர்களுக்குப் பலன் தெரிந்தது, பின்னால் வந்த நிறைய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது பலன் உண்டு, ஆனால் சிறியது என்றுதான் வந்தது. எழுதுவது என்றால் வேறு யார் கையிலும் கிடைக்காத மாதிரி எழுதுங்கள், நோட்டு அம்மா கையில் கிடைத்து இரண்டு மாதம் ரணகளமான ஒரு வீட்டை எனக்குத் தெரியும். கல் மாதிரி இருங்கள், எதற்கும் முகத்தில் எதையும் காட்டாதீர்கள் என்று இணையத்தில் சொல்கிறார்கள், இதற்கு ஆய்வு ஆதாரம் என்று எதையும் நான் பார்த்ததில்லை. கொஞ்ச நேரத்துக்கு உதவலாம், ஒன்றரை வருடம் அப்படி இருந்தால் வெளியே போன பிறகும் முகம் கல்லாகவே இருந்துவிடும் என்பது என் கவலை. மதகுருவிடம் போவது ஆளைப் பொறுத்தது. நல்ல மதகுரு ஒருவர், நான் ஒரு வருடத்தில் செய்ய முடியாததை ஒரே மாலையில் செய்துவிடுவார், ஏனென்றால் உங்கள் அப்பா கேட்கிற குரல் அவருடையது. ஆனால் நீங்கள் சொன்னதை அப்படியே அப்பாவிடம் சொல்லிவிடுகிறவரும் உண்டு. முதலில் சின்ன விஷயம் ஒன்றைச் சொல்லி, அது வீட்டுக்குத் திரும்பி வருகிறதா என்று பாருங்கள். மன்னிப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நடந்துகொண்டே இருக்கிற ஒன்றை இன்றைக்கே மன்னிக்க வேண்டும் என்று உங்களை நீங்களே நெருக்க வேண்டாம். காலப்போக்கில் தானாக வந்தால் வரட்டும்.

ஒன்றரை வருடம் என்பதை ஒரு தண்டனைக் காலம் மாதிரி எண்ணாமல், வெளியேறுவதற்கான வேலை நாட்களாகப் பாருங்கள். உங்கள் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு, சான்றிதழ்களின் நகல் வீட்டுக்கு வெளியே நம்பிக்கையான ஓர் இடத்தில், வாரத்தில் சில மணி நேரமாவது உட்கார்ந்து படிக்க நூலகம் மாதிரி சத்தமில்லாத ஓர் இடம், வீட்டில் என்ன நடக்கிறது என்று முழுக்கத் தெரிந்த ஒரே ஒரு மனிதர். அந்தக் கடைசி ஒன்று எல்லாவற்றையும்விட முக்கியம். பக்தியான குடும்பங்களில் வீட்டு விஷயம் வெளியே போகக்கூடாது என்ற கட்டுப்பாடு இறுக்கமாக இருக்கும், கும்பிடுகிற குடும்பத்திலா இப்படி என்று ஊர் கேட்குமே என்ற பயம். அதனாலேயே உங்களை மாதிரி ஆட்கள் முன்பின் தெரியாத என்னைப் போன்றவர்களிடம் வந்து எழுதுகிறீர்கள். எழுதியது நல்லது. ஆனால் நேரில் பார்க்கிற ஒருவருக்கும் தெரியட்டும், சித்தியோ, கல்லூரி ஆலோசகரோ, ஒரு தோழியோ. தூக்கம் தொடர்ந்து கெட்டுப்போனாலோ, சாப்பாடு இறங்காமல் போனாலோ, இருக்கவே வேண்டாம் என்று தோன்றினாலோ, அன்றைக்கே மருத்துவரிடமோ உதவி எண்ணிலோ பேசுங்கள், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

தம்பியைப் பற்றி நீங்கள் கேள்வியில் ஒரே வரிதான் எழுதியிருந்தீர்கள், சண்டை தொடங்கினால் அவன் ஹெட்ஃபோன் மாட்டிக்கொள்கிறான் என்று, பாட்டு எதுவும் ஓடாமலேயே. எனக்கு அந்த வரி மனதை விட்டுப் போகவில்லை. மார்க் கம்மிங்ஸ் என்பவர் பல வருட ஆய்வில் கண்டது, பெரியவர்கள் சண்டை போடுவது குழந்தையைப் பாதிப்பதைவிட அது முடியாமல் தொங்குவதுதான் அதிகம் பாதிக்கிறது. சண்டை தீர்ந்துவிட்டது என்று பிறகு குழந்தையிடம் சொன்னால்கூடப் பதற்றம் குறைகிறது. உங்கள் அப்பா அம்மா அவனிடம் போய் அப்படிச் சொல்லப்போவதில்லை, தீராத சண்டையைத் தீர்ந்தது என்று நீங்கள் பொய்யும் சொல்ல வேண்டாம். இன்றைக்கு ராத்திரி எல்லாம் அடங்கிய பிறகு அவன் பக்கத்தில் போய் உட்காருங்கள். அவனைப் பேசவைக்க முயல வேண்டாம். "அவர்கள் சண்டை போட்டது உன்னாலும் இல்லை, என்னாலும் இல்லை. நாளைக்குக் காலையில் வழக்கம்போல நீ பள்ளிக்குப் போவாய், சாயங்காலம் நான் வந்துவிடுவேன்" என்று மட்டும் சொல்லுங்கள். சாயங்காலம் எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று அவன் கேட்டால் சரியான நேரத்தைச் சொல்லிவிட்டு, அந்த நேரத்துக்கு வந்துவிடுங்கள்.